பாறைக்கு அப்புறம்

"தமிழ் பிறந்த மலையைத் தமிழன் மிதித்த வரலாறு இனி இரண்டாகப் பிரிக்கப்படும்: கொடுமுடி நீலகண்டபிள்ளைக்கு முன், கொடுமுடி நீலகண்டபிள்ளைக்குப் பின்."

பாறசாலை எல்லைத் தமிழ்க் கழகம் அச்சடித்த நோட்டீசின் முதல் வரி இது. எழுதிக் கொடுத்தவர் நீலகண்டபிள்ளை. கழகத்தின் தலைவரும் அவரே என்பதால் திருத்துவதற்கு ஆள் இல்லை. பொழியூர் கடற்கரையிலிருந்து அகத்தியர்கூடத்தின் உச்சி வரை நடந்து, அறுபத்தெட்டாம் வயதில் இரண்டாம் முறையாகக் கொடுமுடி கண்டு திரும்பிய பெருமகனாருக்கு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஸ்வீகரணம், அதாவது வரவேற்பு, என்று கீழே போட்டிருந்தது. இந்த நோட்டீஸ் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த அன்று, திரும்பிய பெருமகனார் நெய்யாற்றின்கரையில் ஒரு செருப்புக் கடையில் பூட்ஸ் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது சின்னப் பிழை. நோட்டீசில் அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருந்தது. 'இரண்டாம் முறையாக' என்ற சொல்தான் அது. பிள்ளை முதல் முறையே ஏறியதில்லை.

ஊரறிந்த கதை வேறு. எண்பத்துநாலாம் வருடம் மாசி மாதம், பிள்ளையும் அவருடைய சித்தப்பா மகன் செந்தில்வேலும் மலைக்குப் போனார்கள். கூட வந்த வழிகாட்டிக்கு அதிருமலை முகாமில் காய்ச்சல் கண்டுவிட, இருவரும் தனியாக ஏறினார்கள். மேலே மஞ்சு மூடியது, அடர்ந்த மூடுபனி. முன்னால் போன பிள்ளையும் பின்னால் வந்த செந்தில்வேலும் பிரிந்துபோனார்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே யானை படுத்தது போல ஒரு பாறை. அதன் மறுபக்கம் கரடி. ஹ்ர்க், ஹ்ர்க் என்று மூச்சு விட்டது. பாறையில் நகத்தைக் கறகறவென்று தீட்டியது. பிள்ளை கலங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தித் தேவாரம் பாடினார். கரடி சற்று நேரம் கேட்டது. பிறகு வழிவிட்டு விலகிப் போனது. பிள்ளை உச்சியை அடைந்தார்.

இந்தக் கதையை நம்பித்தான் மனைவி ஆனந்தலட்சுமியின் அப்பா அவருக்குப் பெண் கொடுத்தார். சாதாரண கிளார்க்குக்கு எப்படிக் கொடுப்பது என்று ஆறு மாதம் யோசித்தவர், கரடியே வழிவிட்டது, நான் எம்மாத்திரம் என்று சொல்லிவிட்டாராம். 'கொடுமுடி' என்ற பட்டமும் அதற்குப் பிறகு வந்ததுதான். அதைக் கொடுத்தது கழகம். அப்போதும் பிள்ளைதான் தலைவர்.

உண்மையில் கரடி சத்தம் கேட்டதுமே பிள்ளையின் கால்கள் ராஜினாமா கொடுத்துவிட்டன. பாறையின் இந்தப் பக்கம் முதுகை ஒட்டி உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் அங்கிருந்து அசையவில்லை. தேவாரம் சொன்னது உண்மை. ஆனால் பல் கிட்டியிருந்ததால் சொற்கள் வெளியே வரவில்லை, உறுமல் மாதிரி ஒன்றுதான் வந்தது. வேட்டி நனைந்திருந்தது, எல்லாமே மஞ்சு என்று சொல்ல முடியாது. மறுபக்கத்துச் சத்தம் ஓய்ந்ததும் எழுந்து இறங்கி ஓடி முகாமுக்கு வந்து சேர்ந்தார். அரை மணி நேரம் கழித்துச் செந்தில்வேல் வந்தார்.

"ஏறினியாலே?" என்று கேட்டார் பிள்ளை.

செந்தில்வேல் மடியிலிருந்து டப்பாவை எடுத்து, ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை உள்ளே இழுத்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஏறியாச்சு. நீ?"

ஆறு மாதம் இளையவன் ஏறியிருக்கிறான். பிள்ளைக்கு வேறு வழி இல்லை. "நானும்தான். மஞ்சில ஒன்னக் காணல்ல."

"நானும் ஒன்னக் காணல்ல."

அவ்வளவுதான். இருவரும் அதற்குப் பிறகு அதைப் பற்றித் தனியாகப் பேசியதே இல்லை. ஆனால் பிள்ளை எந்த மேடையில் கரடிக் கதை சொன்னாலும் முதல் வரிசையில் செந்தில்வேல் இருப்பார். தாலுகா ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்; மீட்டிங்குக்கு நேரத்துக்கு வருவார். பாறை வரும் இடத்தில் டப்பாவைத் திறப்பார். பொடி போடுவார். தரையைப் பார்த்து லேசாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் பிள்ளைக்குச் சட்டைக்குள் வியர்க்கும். உச்சியில் நின்றவன் அவன். அங்கே நான் வரவில்லை என்று தெரிந்தவன் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான். ஏன் சொல்லாமல் இருக்கிறான்? எந்த நாளுக்காக வைத்திருக்கிறான்?

அந்த நாள் போன ஆவணியில் வந்தது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் செந்தில்வேல் மூச்சு வாங்கக் கிடந்தார். கால்மாட்டில் அவர் மனைவி அம்மிணி நின்றிருந்தாள். பிள்ளை குனிந்ததும் செந்தில்வேல் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார்.

"நீலா... பாறைக்க அப்புறம் போயில்ல."

பிறகு பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

கழகத்தின் ஆண்டு விழா தவறாமல் பிள்ளை ஓர் உரை ஆற்றுவார். "மலையாளத்தில வந்நு எண்ணு சொன்னா ஆரு வந்தது? தெரியாது. நானா, நீயா, அவனா? நாம்தான் தேடிப் பிடிக்கணும். தமிழ் அப்படி இல்ல. வந்தேன், வந்தாய், வந்தான். வினைக்க வாலிலயே ஆள் நிப்பான்!" கைதட்டல் விழும். அப்பேர்ப்பட்டவருக்கு இறக்கும் மனிதன் சொன்ன மூன்று சொல் புரியாமல் போகுமா? புரிந்தது. நீலா, நீ பாறைக்கு அப்புறம் போகவில்லை. எனக்குத் தெரியும்.

பதினாறு கழிந்த பிறகு அது ஆரம்பித்தது. காலையில் சவரம் செய்துகொண்டிருப்பார். முதுகுப் பக்கம் ஹ்ர்க் என்று ஒரு மூச்சு. திரும்பினால் துண்டு தொங்கும். பூட்டிக் கிடந்த கழக அறையைத் திறந்தால் மூக்குப்பொடி நெடி. கூட்டம் நடக்கும்போது முதல் வரிசையில் ஒரு நாற்காலி காலியாகவே இருக்கும். நெருக்கடியில் நிற்கிறவர்கள்கூட அதில் உட்காரமாட்டார்கள், ஏன் என்று அவர்களுக்கும் தெரியாது. ஒரு முறை கரடிக் கதை சொல்லத் தொடங்கிப் பாறை வந்ததும் பிள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. குடிநீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, திருக்குறளின் சிறப்பைப் பற்றிப் பேசி முடித்தார்.

ஒரே வழிதான் இருந்தது. உண்மையாகவே ஏறிவிட வேண்டும். ஏறிவிட்டால் பொய் நாற்பத்தொரு வருடம் முன்கூட்டிச் சொன்ன உண்மை ஆகிவிடும். செத்தவன் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

"ஒருக்க ஏறினது போராதா?" என்றாள் ஆனந்தலட்சுமி. "இந்த முட்டு வலிய வச்சுக்கிட்டு எங்க போறிய?"

"அது அப்பம். இது இப்பம்."

"அந்தக் கரடி இப்பளும் நிக்கும்னு நெனப்பாக்கும்? அதும் செத்திருக்கும்."

பிள்ளையின் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது.

பொழியூரில் தொடக்க விழாவுக்குப் பந்தல் போட நினைத்த இடத்தை முந்தின வாரம் கடல் எடுத்துக்கொண்டது. அதனால் வலை காயப்போட்டிருந்த ஓர் ஓரத்தில் நின்று நாலு பேர் பேசினார்கள். மீனவர்கள் வலையைத் தூக்க வேண்டியிருந்ததால் பேச்சு சுருக்கமாக முடிந்தது. அங்கிருந்து கள்ளிக்காடு வரையும், பிறகு மலையடிவாரம் வரையும் சாலை. கழகச் செயலாளர் சுனில்குமாரின் ஏற்பாட்டில் ஓர் ஆட்டோ கூடவே வந்தது. பெரும்பாலும் பின்னால் வந்தது. சில இடங்களில் முன்னாலும் போனது. முன்னால் போனபோதெல்லாம் பிள்ளை அதற்குள் இருந்தார். சாலை கணக்கில் சேராது என்பது அவர் கட்சி. காட்டில் ஓர் அடிகூடக் குறையக் கூடாது. அதில் அவர் உறுதியாகத்தான் இருந்தார்.

அன்றைய குழுவில் பத்துப் பேர். வழிகாட்டி அஜேஷுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். காட்டோரத்துக் குடியிருப்புக்காரர், வருடத்துக்கு முப்பது முறை ஏறி இறங்குகிறவர், அதைப் பற்றி யாரும் நோட்டீஸ் அடித்ததில்லை. பிள்ளைக்கு முன்னால் நடந்தவள் காஞ்சிரங்குளத்து ஸ்ரீகுமாரி. ஐம்பத்தைந்து வயது, ஓய்வு பெற்ற நர்ஸ். காலில் ரப்பர் செருப்பு. கால்விரல் நகங்களில் ரோஸ் நிறப் பூச்சு.

"மகளுக்க கல்யாணத்துக்கு இட்டதாக்கும் சாரே. போவமாட்டேங்குது," என்றாள், அவர் பார்ப்பதைப் பார்த்து.

தமிழ் பிறந்த மலையில் நகப்பூச்சு! பிள்ளை மரங்களைப் பார்த்தார். மரங்களிலிருந்து கருங்குரங்குகள் அவரைப் பார்த்தன. ஊஹூம், ஊஹூம் என்று தலைமுறை தலைமுறையாக எதையோ மறுத்துக்கொண்டிருந்தன.

ஓர் ஓடையைத் தாண்டியதும் அஜேஷ் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினார். "ஒச்சை வைக்காண்டாம், சத்தம் கூடாது. பெரியவரு இப்பம் இதுவழியா போயிருக்காரு."

"ஆரு, ரிட்டயர்டு ஆபீசரா?" என்று கேட்டார் பிள்ளை. தமக்கு முன்னால் இன்னொரு பெரியவர் போவது அவருக்குப் பிடிக்கவில்லை.

அஜேஷ் தரையைக் காட்டினார். கூடை கவிழ்த்தது போல் யானை லத்தி. இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது. காட்டுக்குள் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று ஸ்ரீகுமாரி காதோடு சொன்னாள். மூங்கில் எங்கோ முறிந்தது. பத்துப் பேரும் மூச்சை அடக்கி நின்றார்கள். பதினோராவது மூச்சு ஒன்று பிள்ளைக்குப் பின்னால் கேட்டது. ஹ்ர்க்.

"அஜேஷே," என்றார், குரலை இறக்கி. "எனக்கப் பொறத்தால ஆரு வாறது?"

"ஆரும் இல்ல சாரே. சாராக்கும் கடேசி."

அதற்குப் பிறகு வழி முழுக்க அது வந்தது. அவர் நின்றால் நின்றது. அட்டையைப் பிடுங்க அவர் குனிந்தால் அதுவும் குனிவது போலச் சருகு அழுந்தியது. தலைக்கு மேலே ஓர் இருவாச்சி பறந்தபோது, அந்தச் சிறகடிப்பே யாரோ பெரிய நெஞ்சால் மூச்சு இழுத்து விடுவது போல் காடு நெடுக ஓடியது. மலையணில் ஒன்று கிளையில் தலைகீழாகத் தொங்கி, அவரை விட்டுவிட்டு அவருக்கு இரண்டடி பின்னால் இருக்கும் எதையோ கவனமாகப் பார்த்தது. சாயங்காலம் அதிருமலையில் கஞ்சி குடிக்கும்போது, பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில் ஒரு தட்டை வைத்து அஜேஷ் கஞ்சி ஊற்றிவிட்டார். பிறகு தலையைச் சொறிந்தார். "ஓ, எண்ணிக்க தெற்றிப் போச்சு. பதினொண்ணு எண்ணு நெனச்சேன்." பிள்ளை தன் கஞ்சியையும் குடிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஏற்றம். ஒரு மணி நேரத்தில் எல்லாரும் அவரைத் தாண்டிப் போனார்கள். ஸ்ரீகுமாரியின் ரப்பர் செருப்பு டப் டப் என்று மேலே போய் மஞ்சுக்குள் கரைந்தது. அஜேஷ் மட்டும் முன்னும் பின்னுமாக அலைந்தார். பதினொரு மணி சுமாருக்கு ஒரு திருப்பத்தில் பிள்ளை நின்றார்.

யானை படுத்தது போல ஒரு பாறை.

"சாரு இவிடெ இருந்து இளைப்பு மாற்றிக்கோ," என்றார் அஜேஷ். "இது கழிஞ்சா பின்ன இருவது மினிட்டு. கயிறு பிடிச்சு ஏறணும். நான் அவிய ஏறினாவளா எண்ணு பாத்துட்டு வாறேன். சரியா பன்னெண்டு மணிக்கு மேல ஃபாரஸ்டு ஆபீஸ் ஆரையும் ஏற விடாது, ஓர்மை இருக்கட்டும்."

அவர் போய்விட்டார். மஞ்சு வந்து மூடியது. பிள்ளை பாறையின் அதே பழைய பக்கத்தில் உட்கார்ந்தார். முதுகை ஒட்டினார். பாறை அவரை மறந்திருக்கவில்லை. முதுகுக்கு ஏற்ற அதே குழி அங்கே இருந்தது.

ஹ்ர்க்.

இம்முறை பின்னாலிருந்து இல்லை. பாறையின் மறுபக்கத்திலிருந்து. தொடர்ந்து கறகறவென்று கல்லில் ஏதோ உரசியது. நாற்பத்தொரு வருடம் அப்படியே மடங்கி ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தது. பிள்ளைக்குப் பல் கிட்டியது. தேவாரம் உறுமலாகக் கிளம்பியது. கால்கள் பழைய பழக்கத்தில் கீழே போகும் வழியைத் தேடின.

அப்போதுதான் அவருக்கு அந்தச் சொல் உறைத்தது. அப்புறம். தமிழில் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர் அதை 'அதற்கு மேலே, உச்சி வரை' என்று எடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் பாதி மலையாளத்தில் வாழ்ந்து செத்த செந்தில்வேலுக்கு அப்புறம் என்றால் மறுபக்கமும்தான். பாறையின் மறுபக்கம். அங்கே பிள்ளை போனதே இல்லை. ஆறடி தூரம்.

போனால் கரடி. போகாவிட்டால் சவரம் செய்யும்போதெல்லாம் அந்த மூச்சு. பிள்ளை பாறையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சாணாகச் சுற்றிப் போனார்.

ஒரு மிளா, கடமான், நின்றது. மாடு உயரம். நனைந்த கொம்பைப் பாறையில் கறகறவென்று தேய்த்துக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும் தேய்ப்பதை நிறுத்தியது. ஹ்ர்க் என்று மூக்கால் காற்றை விட்டது. ஓடவில்லை. இடத்தைக் காத்துக்கொண்டிருந்தவன் உரிய ஆள் வந்ததும் ஒப்படைத்துவிட்டுப் போவது போல, இரண்டு முறை திரும்பிப் பார்த்து மஞ்சுக்குள் நடந்து போனது. அது நின்ற இடத்தில் மூக்குப்பொடி நெடி அடித்தது. அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது.

கொம்பு தேய்த்த இடத்தில் பாசி உரிந்திருந்தது. அதற்கடியில் எழுத்து.

பிள்ளை கைக்குட்டையால் மிச்சப் பாசியைத் துடைத்தார். பிறகு நகத்தால் சுரண்டினார். சாவியாலோ கத்தியாலோ கீறிய எழுத்துகள், முதலில் தமிழில், கீழே அதே வாசகம் மலையாளத்தில்:

கரடி உண்டு. கவனிக்கவும்.

கீழே தேதி: 22.2.84. அதற்குக் கீழே இடது பக்கம் சாய்ந்த சுருக்கொப்பம்: செ.வே. எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அம்பு எங்கே போகிறது என்று பிள்ளை எட்டிப் பார்த்தார். பாறையைச் சுற்றிக்கொண்டு, நேராக, தாம் உட்கார்ந்திருந்த குழியைக் காட்டியது.



செந்தில்வேலும் ஏறவில்லை. இதே பாறையின் இந்தப் பக்கம், பயந்து பதுங்கி, பதற்றத்துக்கு ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகை என்று பொடி இழுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இருந்திருக்கிறான். சும்மா இருக்கக் கை வரவில்லை. தாலுகா ஆபீஸ் கிளார்க். பொதுமக்கள் நலன் கருதி இரு மொழியில் அறிவிப்பு எழுதியிருக்கிறான். பிள்ளை கேட்ட மூச்சு அந்தப் பொடி. பிள்ளை கேட்ட நகம் அந்தச் சாவி. செந்தில்வேல் கேட்ட கரடி, பிள்ளையின் தேவாரம்.

அப்படியானால் அந்தச் சிரிப்பு? முதல் வரிசையில் தரையைப் பார்த்து நாற்பத்தொரு வருடம் சிரித்தது? பிள்ளை ஏறியவர் என்று நம்பி, ஏறாதவன் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு அது. பிள்ளை எந்த நாளில் கேட்டுவிடுவாரோ என்று அவனுக்கும் சட்டைக்குள் வியர்த்திருக்கிறது.

பாறைக்க அப்புறம் போயில்ல. யார்? மலையாளத்தில் தெரியாது, சரி. பிள்ளை அதைத் தமிழாக்கிப் பார்த்தார். நான் போகவில்லை. நீ போகவில்லை. அவன் போகவில்லை. வினையின் வாலில் யாருமே இல்லை. நாற்பது ஆண்டு விழாக்களில் சொல்ல விட்டுப்போன இலக்கணம் அது. செத்துக்கொண்டிருந்தவன் குற்றம் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டிருக்கிறான். பதிலுக்கு அவனைப் பார்த்து 'நானும்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அதற்குத்தான் காத்திருந்தான்.

"நானும்தாம்லே," என்றார் பிள்ளை, பாறையைப் பார்த்து. மஞ்சு அதை வாங்கிக்கொண்டது.

மேலேயிருந்து டப் டப் என்று சத்தம். ஸ்ரீகுமாரி இறங்கி வந்தாள், பின்னால் மற்றவர்கள், கடைசியில் அஜேஷ்.

"சாரே, மணி பன்னெண்டே கால். இனி ஏற விடாது. மழைக்கோளும் உண்டு."

"இருவது நிமிசம்தானே..."

"நேரத்தே சொன்னேனே. ஒரு மணிக்கூறா சாரு இங்கெ என்ன செய்தீரு? பாறையத் தேச்சுக் களுவினீரா?"

பிள்ளை வற்புறுத்தவில்லை. சொல்லப்போனால், அவர் அதற்கு முன்பே கைத்தடியைக் கீழே போகும் பக்கம் ஊன்றியிருந்தார்.

ஸ்ரீகுமாரி அவர் முகத்தைப் பார்த்தாள். நர்ஸ் அல்லவா, முகம் பார்த்தே பழகியவள். "அங்க ஒண்ணும் இல்ல சாரே. மஞ்சாக்கும், ஒரே மஞ்சு. போட்டோ வேணுமா? ஞான் எடுத்தது ஒண்ணு போனில அயச்சு தாறேன்."

"வேண்டாம்," என்றார் பிள்ளை, கம்பீரமாக. பத்தடி இறங்கிய பிறகு, "ஒண்ணு மட்டும்," என்றார்.

இறங்கும் வழி முழுக்க அவர் காதைப் பின்னால் வைத்தே நடந்தார். மூச்சு இல்லை. சருகு அழுந்தவில்லை. நின்று பார்த்தார், அவர் மட்டும்தான் நின்றார். கூட வந்தவன் அந்தப் பாறையோடு நின்றுவிட்டான். கரடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவ்வளவு பெரிய காட்டில் தனக்குப் பின்னால் யாருமே இல்லை என்பது இத்தனை பயமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிறு நான்கு மணி ஸ்வீகரணம் ஐந்தேகாலுக்குத் தொடங்கியது. பொன்னாடைகள் விழுந்தன. முதல் வரிசையில் அந்த நாற்காலியில் அம்மிணி வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக் கூடத்தில் செந்தில்வேலின் மாலையிட்ட படத்துக்குக் கீழே 'கொடுமுடி கண்டவர்' என்று எழுதியிருக்கும். அதைக் கழகம்தான் செய்து கொடுத்தது. மைக்கைப் பிடித்தபோது பிள்ளை உண்மையைச் சொல்லிவிடும் உத்தேசத்தில்தான் இருந்தார். ஆனால் அம்மிணியைக் கண்டதும் நினைத்துப் பார்த்தார். நான் இறங்கினால் செத்தவனும் அல்லவா இறங்க வேண்டும்? அவன் மானத்தைக் காப்பது என் கடமை. பொய்க்கு இவ்வளவு உயர்ந்த காரணம் கிடைத்ததில் அவருக்குப் பெரிய ஆறுதல்.

இருந்தாலும் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. "அன்பர்களே, அந்தப் பாறையை மீண்டும் கண்டேன்," என்று தொடங்கினார். மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. கரடி வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளை மூச்சை இழுத்தார். "இன்று ஓர் உண்மையைச் சொல்கிறேன். பாறைக்கு அப்புறம் போகவில்லை."

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பின்வரிசையில் ஒருவர், "ஏய், கரடி போகவே இல்லியாம்! நாப்பது வருசமா அங்கதான் நிக்கி!" என்றார். கைதட்டல் கூரையைத் தொட்டது. யார் என்று சொல்லாத வாக்கியத்தில் ஊர் தனக்குப் பிடித்த ஆளைப் போட்டுக்கொண்டது. பிள்ளை திருத்தவில்லை.

கூட்டம் கலையும்போது அம்மிணி அருகில் வந்தாள். "அத்தான், ஆசுபத்திரில அவரும் இதத்தானே சொன்னாரு."

"ம்."

"கரடியத்தான் சொன்னாரு, இல்லியா?"

பிள்ளை அவளைப் பார்த்தார். அவள் கண்ணில் கேள்வி இல்லை, வேண்டுகோள் இருந்தது. நாற்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தவளுக்கு எவ்வளவு தெரியும் என்று யார் கண்டது?

"கரடியத்தான் மக்கா," என்றார்.

அவள் தலையாட்டினாள். பிறகு அவருக்குப் பின்னால், மேடையில் கட்டியிருந்த பிளெக்ஸை நிமிர்ந்து பார்த்தாள். சுனில்குமார் படத்துக்கென்று விட்டு வைத்திருந்த பத்தடி இடத்தில் உச்சியின் புகைப்படம் பெரிதாக அச்சாகியிருந்தது. 'கொடுமுடியில் நம் கொடுமுடி — அவர்தம் கண்களால் கண்ட காட்சி' என்று கீழே. படம் முழுக்க வெள்ளை மஞ்சு. கீழ் ஓரத்தில் ரப்பர் செருப்புப் போட்ட ஒரு கால்.

ஐந்து நகத்திலும் ரோஸ் நிறப் பூச்சு.